மிச்சப் பச்சை

அவள் மெதுவாக நடந்தாள். அதைத்தான் அவன் முதலில் பார்த்தான். பக்கத்தில் யார் என்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தான்.

கட்டுப்பாட்டு அறையின் ஒரு சுவர் முழுக்கத் திரைகள். நகரத்தின் சிக்னல்கள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எரிந்து அணைந்தன. பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள சந்திப்பு நடுவரிசையில் இருந்தது. அங்கே அவனுடைய மனைவி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். கூடவே, பெஞ்சு என்று அலுவலகத்தில் எல்லாரும் கூப்பிடும் இளைஞன்.

சிக்னலில் பச்சை மனிதன் கண் சிமிட்ட ஆரம்பித்தபோது இருவரும் இன்னும் சாலையின் நடுவில்தான் இருந்தார்கள். அவசரப்படவில்லை. அவள் ஏதோ சொன்னாள். பெஞ்சு தலையைச் சாய்த்துக் கேட்டான். கடைசி நொடியில் நடைபாதையில் ஏறினார்கள்.

"உங்க வீட்டம்மா மாதிரி இருக்கே," என்றாள் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டர். அந்த அறையில் எல்லாரையும்விட மூத்தவள். எல்லாருக்கும் அக்கா.

"அவளேதான்."

"நடை அவங்க நடையா இல்லையே. அவங்க நடந்தா கேமரா திரும்பறதுக்குள்ள ஆளைக் காணோம்னு ஆயிடும்."

 அவனும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் சிக்னல் பொறியாளர். இந்த நகரம் எப்போது நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன். யார் கூடுதலாகப் பச்சை கேட்டாலும், "எந்த செகண்டை யார்கிட்டேர்ந்து பிடுங்கி உனக்குக் குடுக்கறது?" என்று கேட்பான். அதனால் அலுவலகத்தில் அவன் பெயர் செகண்டு. ஒருவர் நடப்பதைப் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடுவான். கருவி வைத்துச் சோதித்தவர்கள் பந்தயத்தில் தோற்றிருக்கிறார்கள்.

நடையைப் பற்றி அவனுக்குத் தெரியாதது குறைவு. தனியாகப் போகிறவர் வேகமாகப் போவார். இருவர் சேர்ந்தால் வேகம் குறையும். ஒருவரையொருவர் பிடித்த இருவர் என்றால் இன்னும் குறையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே சந்திப்பில் நின்று அவன் எடுத்த கணக்கு அது. கூட நின்று எடுத்தவள் அவள். மாலையில் பஸ்ஸுக்குப் போகும்போது தன்னோடு அவள் எவ்வளவு மெதுவாக நடக்கிறாள் என்று பார்த்தபிறகுதான் அவனுக்குத் தைரியம் வந்தது. கேட்டான். கல்யாணம் ஆனது.

அப்புறம் அவள் வேகம் கூடியது. ஒரே நாளில் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக. இப்போதெல்லாம் எங்கே போனாலும் அவள் நாலு எட்டு முன்னால். அவள் முதுகைப் பார்த்து நடப்பது அவனுக்குப் பழகிவிட்டது. அவளுடைய சுபாவம் என்று நினைத்திருந்தான்.

பெஞ்சு என்பதும் வைத்த பெயர்தான். போன வருடக் கடைசியில் அவளுடைய நகரமைப்புப் பிரிவுக்கு வந்த வடிவமைப்பாளன். வந்த அன்றைக்கே ஊர் வரைபடத்தை மேசையில் விரித்து, எங்கெல்லாம் உட்கார இடமில்லை என்று சிவப்பு மையில் குறித்தான். வரைபடமே சிவந்துபோனது. "உட்கார இடமில்லாத தெருவுல யாரு சார் நடப்பாங்க?" என்றான். மாலைக்குள் பெயர் வந்துவிட்டது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தான். அப்படிப்பட்டவனை எல்லாருக்கும் பிடித்துவிடுகிறது.

கடைத்தெரு அவளுடைய திட்டம். சந்திப்பிலிருந்து பழைய தபால் நிலையம் வரை வண்டிகள் கிடையாது, நடக்கிறவர்களுக்கு மட்டும். பல வருடம் அலமாரியில் தூங்கியது. பெஞ்சு வந்தபிறகு எழுந்தது. இப்போது வெள்ளோட்டம். சாலைக்குப் பெயிண்ட் அடித்து, தொட்டிகளில் மரம் வைத்து, மரத்துக்கொன்றாகத் தற்காலிகப் பெஞ்சு போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் மாநகராட்சிக் குழு வந்து நடந்து பார்க்கும். பிடித்தால் கல் பதிப்பார்கள். பிடிக்காவிட்டால் தொட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு வண்டிகளைத் திரும்ப விடுவார்கள்.

அந்தத் தெருவின் உயிர் சந்திப்பில் இருந்தது. பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம் சாலையைக் கடந்தால்தான் தெருவுக்குள் வரும். அதற்காக விதி சொல்வதற்கு மேல் சில நொடி பச்சை கொடுத்திருந்தான். அவள் கேட்டாள், கொடுத்தான். "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்கு நகை வாங்கிக் குடுப்பான், நம்மாளு செகண்டு குடுத்திருக்கான்," என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நொடிகளில்தான் இருவரும் மெதுவாக நடந்துபோனார்கள்.

வீட்டில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சமையலறை வாசலில் நின்றான்.

"இன்னைக்கு உன்னை சிக்னல்ல பார்த்தேன்."

"கையாவது ஆட்டியிருக்கலாம்ல?"

"கேமராவுக்கு ஏது கை."

அவள் சிரித்தாள். "பெஞ்சு என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

இந்த மாதம் அவளுடைய பேச்சில் பாதி இப்படித்தான் ஆரம்பித்தது. பெஞ்சு சொன்னான். பெஞ்சு கேட்டான். பெஞ்சுக்கு ஒரு யோசனை. அவன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான். கடைத்தெருவில் பெஞ்சுகள் கடையைப் பார்த்து இருக்க வேண்டுமா, ஒன்றையொன்று பார்த்து இருக்க வேண்டுமா என்பது விவகாரம். கடையைப் பார்த்து இருந்தால் வாங்குவார்கள். ஒன்றையொன்று பார்த்து இருந்தால் பேசுவார்கள். பேசினால் திரும்ப வருவார்கள். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கைகளால் பெஞ்சுகளைத் திருப்பிக் காட்டினாள்.

"ஏன் அவ்ளோ மெதுவா நடந்தே?" என்றான்.

"எப்போ?"

"சிக்னல்ல. அவனோட."

"மெதுவாவா? கவனிக்கலையே."

அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் அவனுக்குப் பரவாயில்லை. செருப்பு கடித்தது, பை கனத்தது, எதுவானாலும். மறைக்க ஏதாவது இருப்பவள் காரணம் சொல்லியிருப்பாள். இவள் கவனிக்கவே இல்லை. அது தானாக வந்த நடை.

"வெங்காயம் கண்ணைக் கரிக்குது," என்று சொல்லிவிட்டு அவன் கூடத்துக்குப் போனான்.

மறுநாள் பெஞ்சு அவன் அறைக்கே வந்தான். இரண்டு கைகளிலும் காப்பி.

"உங்களுக்கு சர்க்கரை இல்லாம, அண்ணே. அண்ணி சொன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"உங்ககிட்ட இன்னும் ரெண்டு செகண்டு கேக்கறதும் கல்லுல நார் உரிக்கறதும் ஒண்ணுன்னு சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"நார் இருக்கான்னு பார்த்துட்டுப் போலாம்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டான். அண்ணி என்று கூப்பிடுகிறவனை எந்த இடத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை.

"ஏற்கெனவே விதிக்கு மேல குடுத்திருக்கேன்."

"தெரியும்ணே. வயசானவங்க, குழந்தையத் தூக்கிட்டு வர்றவங்க, இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்."

"அவங்களுக்குப் போதும். நடுரோட்டுல பேசிக்கிட்டே வர்றவங்களுக்குத்தான் போதாது."

பெஞ்சு அதை ஒரு கணம் யோசித்தான். முகத்தில் குற்றவுணர்வு எதுவும் இல்லை.

"பேசிக்கிட்டே நடக்க முடியாத ஊரு, ஊராண்ணே?"

போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். காப்பி நன்றாக இருந்தது. அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு, குடித்ததற்காகத் தன்மேல் எரிச்சல் வந்தது.

மதியம் கடைத்தெருவுக்குப் போனான். அவளுடைய அண்ணனுக்கு அங்கே மூக்குக் கண்ணாடிக் கடை.

"வாங்க மாப்பிள்ளை. வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"சும்மா வந்தேன், மச்சான்."

"சும்மா வர்றதுக்குன்னுதானே உங்க வீட்டம்மா தெருவையே மூடி வெச்சிருக்கா. வெளிய உட்கார்றீங்களா? கடைக்கு நேரா சிம்மாசனம் போட்டிருக்காங்க."

"இல்ல, உள்ளயே இருக்கேன். வியாபாரம் எப்படி?"

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "நல்லாத்தான் இருக்கு. முன்னாடியெல்லாம் கார் நிறுத்த இடமில்லன்னு போயிடுவான். இப்ப காரே இல்ல, மனுஷன் நிக்கறான். நின்னு கண்ணாடியப் பார்க்கறான். பாதிப் பேர் அதுல தலைய வாரிக்கிட்டுப் போயிடறான். மீதில சிலபேர் உள்ள வர்றான். இதை அவகிட்ட சொல்லிடாதீங்க. தெருவ மூடக் கூடாதுன்னு கத்தினதுல முதல் ஆளு நான். மானம் போயிடும்."

"சொல்லலை."

"தங்கச்சி தினம் வர்றா. அந்தப் பையனும் வர்றான். நல்ல பையன். என்னமோ சொல்றான், இவ விழுந்து விழுந்து சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சுப் பார்த்து எத்தனை வருஷமாச்சு." மச்சான் ஒரு சட்டத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். சட்டத்தின் வழியே அவனையும் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, சிவப்பு விழுந்த மாதிரி இருக்கு முகம்?"

"வெயில்."

"நிழல்லதானே வந்தீங்க. அவ்ளோ மரம் வெச்சிருக்கா."

அப்போது அவர்கள் வந்தார்கள். கடைக்கு எதிரே இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றார்கள். கடைக் கதவு திறந்திருந்தது. காட்சிப் பலகையில் வரிசையாக வைத்திருந்த கண்ணாடிகளுக்குப் பின்னால் அவன் நின்றான். பெஞ்சு ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்து இழுத்துத் திருப்பி, அதில் உட்கார்ந்தான்.

"இல்ல, நீ உட்காரு. உட்கார்ந்து சொல்லு," என்றான் பெஞ்சு.

"நீ முதல்ல எழுந்திரு," என்றாள் அவள்.

நீ. அலுவலகத்தில் அவள் மேடம். அவன் முன்னால் அண்ணி. இங்கே நீ.

"பின்வாசல் இருக்கா, மச்சான்?"

"ஏன், போலீஸ் தேடுதா?"

"ஆபீசுக்கு அந்தப் பக்கம் கிட்ட."

கிட்ட இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மச்சான் பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் அவன் நொடிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

அதற்குச் சில சொடுக்குகள்தான் தேவைப்பட்டன. விதி சொல்லும் அளவை அழுத்தினான். கையெழுத்து வேண்டாம், அனுமதி வேண்டாம். கூடுதலாகக் கொடுக்கத்தான் காரணம் சொல்ல வேண்டும். எடுப்பதற்குத் தேவையில்லை.

"குறைக்கறீங்களா?" என்றாள் அக்கா.

"சரி பண்றேன். விதிப்படி."

"விதின்னா சரிதான்." அவள் திரைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பார்க்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் வருகிறவர்கள் கொஞ்சம் ஓடினார்கள். பெட்டியோடு வந்த ஒருவர் நடுக்கோட்டில் மாட்டிக்கொண்டு, போகும் பஸ்களின் காற்றில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரைகளுக்குச் சத்தம் கிடையாது. ஹாரன் கேட்கவில்லை. எல்லாமே விதிக்குள்தான் இருந்தது.

அவன் காத்திருந்தான். எதற்கு என்று தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் ஓட வேண்டும். அதுதான். மற்றவர்களைப் போல அவர்களும் ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

பகல் உணவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். அவள் கையில் சுருட்டிய வரைபடம். பச்சை விழுந்தது. பழைய நடை. அவள் பேசினாள், பெஞ்சு தலையைச் சாய்த்தான். நடுக்கோட்டைத் தொடும் முன்பே பச்சை மனிதன் கண் சிமிட்டினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பஸ்களை அல்ல, சிக்னலை. வாக்குக் கொடுத்த ஆளைப் பார்ப்பதுபோல. பார்த்துக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டாள்.

பஸ் கிளம்பியது. பெஞ்சு அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். பஸ் வந்து திரையை மறைத்தது. அதன் பக்கவாட்டில் பற்பசை விளம்பரம். வெள்ளைப் பற்கள் ஒவ்வொன்றாகத் திரையைக் கடந்தன.

பஸ் போனபிறகு இருவரும் நடுக்கோட்டில் நின்றிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரைபடம் மட்டும் சாலையில் கிடந்தது. அதன்மேல் அடுத்த பஸ் ஏறியது.

பெஞ்சின் கை இன்னும் அவள் முழங்கையில் இருந்தது.

முன்னாலும் பின்னாலும் வண்டிகள். அடுத்த பச்சை வரை நகர முடியாது. அந்தச் சிக்னல் சுற்று எவ்வளவு நீளம் என்பது அவனுக்கு மனப்பாடம். அவன் போட்டதுதான். நேர்சாலை, வலது திருப்பம், பஸ் வழி, மறுபடி நேர்சாலை. ஒவ்வொன்றாக முடியக் காத்திருந்தான். பெஞ்சு கையை எடுக்கவில்லை. அவளும் கையை விலக்கவில்லை. சுற்று முழுதும் அப்படியே நின்றார்கள், ஒரு குடைக்குள் நிற்பதுபோல.

"நல்லவேளை, அந்தத் தம்பி கூட இருந்துச்சு," என்றாள் அக்கா.

அவன் எழுந்து வெளியே போனான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் தெருவுக்குள் பாதி தூரம் போயிருந்தார்கள். அவன் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தான். இதற்கு அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. முன்பின் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் எந்த வழியில் போகிறார், எங்கே நிற்கிறார், எங்கே ஒதுங்குகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது. தெரு எப்படி வேலை செய்கிறது என்பது அப்படித்தான் தெரியும். புதிதில் அவனும் அவளும் சேர்ந்து செய்த வேலை அது. அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டால் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பின்தொடர்ந்தால் அது ஆய்வு அல்ல.

இப்போது அவர்களுக்கு நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. கை எங்கும் இல்லை. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கை பிடித்திருந்ததை இருவரும் உணர்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஒரு தொட்டியின் அருகில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவன் நிற்கவில்லை.

அவள் பெஞ்சிடம் ஏதோ சொன்னாள். பெஞ்சு அவனைப் பார்த்து, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, தூக்காமல் முன்னால் போனான். அவள் அவனை நோக்கி வந்தாள். வேகமாக. அவளுடைய வழக்கமான வேகத்தில்.

"சர்வேயா?"

அவன் தொட்டியின் விளிம்பில் கை வைத்து நின்றான்.

"திரும்பிப் பார்த்தா விட்டுடணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

"விட முடியலை."

அவள் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால்களின்மேல் கைகளை வைத்துக்கொண்டாள். 

"உட்காருங்க."

வீட்டில் அவர்களுக்குள் நீதான். கோபம் எல்லை தாண்டினால் மட்டும் அவள் மரியாதைக்கு மாறுவாள். அவன் உட்கார்ந்தான்.

"எவ்வளவு எடுத்தீங்க?"

"விதிப்படி..."

"விதியக் கேக்கலை. எவ்வளவு எடுத்தீங்க?"

"உனக்குக் குடுத்தது எல்லாம்."

"எதுக்கு?"

பஸ் தாமதம் என்று சொல்லலாம். அதற்குக் கணக்குக்கூட இருந்தது. "நீ அவனோட மெதுவா நடக்கறே," என்றான்.

மேலே ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"எனக்கு அது போதும். என்னோட நீ அப்படி நடந்து எத்தனை வருஷமாச்சு?"

"உங்களோட எப்படி மெதுவா நடக்கறது?" அவள் குரல் உயரவில்லை. "வாசல்ல இறங்கினதும் வாட்ச்சைப் பார்ப்பீங்க. அந்தம்மா இவ்வளவு வேகம், இந்தாளு இவ்வளவுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வருவீங்க. ஜுரம் விட்ட மறுநாள் டாக்டர்கிட்டப் போனோமே. அன்னைக்கு என்னையும் சொன்னீங்க. ஜுரத்துக்கு முன்னாடி இருந்ததுக்கு இப்ப உன் வேகம் நிறையக் குறைஞ்சிருக்குன்னு. அப்பலேர்ந்துதான் முன்னாடி நடக்கறேன். முன்னாடி போயிட்டா காதுல விழாது."

அவனுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அக்கறையாகச் சொன்னதாகத்தான் ஞாபகம்.

எதிரே ஒரு பெண் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுக் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். 

"அந்தக் கை," என்றான்.

"எந்தக் கை?"

"பஸ் போனதுக்கப்புறமும் அவன் எடுக்கலை."

மறந்துவிட்டான் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவன் அதை நம்பத் தயாராக இருந்தான். அவள் யோசித்தாள்.

"ஆமா. எடுக்கலை. நானும் எடுன்னு சொல்லலை."

அவன் தொட்டியைப் பார்த்தான். மரத்தின் தண்டில் நாற்றங்காலின் சீட்டு இன்னும் கட்டியிருந்தது.

"நேத்து வரைக்கும் அவன் என்னைத் தொட்டதில்ல," என்றாள். "தொடணும்னு நான் நினைச்சதும் இல்ல. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இன்னைக்கு அந்தக் கோட்டுல நின்னப்ப கால் கிடுகிடுன்னுச்சு. பிடிச்சுக்க ஒரு கை இருந்துச்சு. நல்லாருந்துச்சு. எங்களை அங்க நிக்க வெச்சது நீங்க."

"நான் அதுக்காக..."

"தெரியும். நாங்க ஓடறதப் பார்க்கணும்."

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்திருக்கிறாள்.

"இப்பவே போய்த் திருப்பிப் போடுங்க," என்றாள். "எனக்காக வேண்டாம். ஸ்கூல் விடற நேரத்துல அந்தக் கோட்டுல எத்தனை பிள்ளைங்க மாட்டும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா குழு இந்தத் தெருவையே திரும்பிப் பார்க்காது. நானும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டேன்."

"போட்டா?"

"போட்டா அதுல நானும் நடப்பேன், அவனும் நடப்பான். குழு வர்ற வரைக்கும் வேலை இருக்கு, சேர்ந்துதான் நடப்போம். நீங்க அங்க உட்கார்ந்து அதைப் பார்க்கணும். பார்த்துட்டுக் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடிஞ்சா, சாயங்காலம் வீட்ல பேசுவோம். கையைப் பத்தியும் பேசுவோம். முடியலைன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"மிரட்டறியா?"

"இல்ல. உங்ககிட்ட வேற எதைக் கேக்கறதுன்னு தெரியலை."

அவள் எழுந்தாள். பெஞ்சு தூரத்தில் ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் போனாள். மெதுவாகவா வேகமாகவா என்று அவன் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தான்.

கட்டுப்பாட்டு அறையில் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவன் உட்கார்ந்தான். நொடிகளைத் திரும்பப் போட்டான். காரணம் என்று கேட்டது கணினி. நடப்பவர் பாதுகாப்பு என்று தட்டினான். ஒரு கணம் நிறுத்தினான். பிறகு பெஞ்சு கேட்ட இரண்டையும் சேர்த்தான். ஏன் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. குறைவாகக் கொடுத்தான் என்ற பேச்சு அவர்களுக்குள் வரக் கூடாது. அது ஒரு காரணம். பெஞ்சிடம் கொடுக்க இரண்டு கோப்பை காப்பிதான் இருக்கிறது. இது தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அது இன்னொன்று.

"ஏத்திட்டீங்களா?" என்றாள் அக்கா.

"ஏத்திட்டேன்."

"பஸ் டெப்போக்காரன் சும்மா விட மாட்டான்."

விடவில்லை. பள்ளி விடும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்துக் காதில் வைத்து, உடனே அவனிடம் நீட்டினாள்.

"சார், என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார் பஸ் டெப்போ மேலாளர். "காலையில நல்லா போய்க்கிட்டிருந்துச்சு. இப்ப என் வண்டியெல்லாம் நிலைய வாசல்லயே தேங்கி நிக்குது."

திரையில் பச்சை விழுந்தது. பிள்ளைகள் முதலில் இறங்கினார்கள். கூட்டமாக, ஒருவர் பையை ஒருவர் இழுத்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் இருவர்.

"டிரைவருங்க என்னைத் திட்டறாங்க. நான் யாரைத் திட்டறது, சொல்லுங்க."

"என்னைத் திட்டுங்க."

"அதுக்குத்தான் சார் போன் பண்ணேன்."

சாலையின் நடுவில் அவள் நின்றாள். செருப்பின் வார் அவிழ்ந்திருக்க வேண்டும். பெஞ்சின் பக்கம் திரும்பாமலே கைப்பையை நீட்டினாள். பெஞ்சு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். இருவரும் இதற்கென்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அவள் குனிந்தாள்.

அவனுடைய விரல் கட்டுப்பாட்டுப் பலகையின்மேல் இருந்தது. கையால் இயக்க ஒரு பொத்தான் உண்டு. ஆம்புலன்ஸ் வந்தால் அழுத்துவது. அழுத்தினால் நடக்கிறவர்களுக்கு உடனே சிவப்பு. அக்கா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேற கேமராவுக்கு மாத்தட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

"லைன்ல இருக்கீங்களா, சார்?" என்றார் மேலாளர்.

"இருக்கேன்."

அவள் நிமிர்ந்தாள். பையைத் திருப்பிக் கேட்கவில்லை. பெஞ்சும் கொடுக்கவில்லை. நடந்தார்கள். அவசரப்படத் தேவையில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய வேகம் அவன் மனதில் எண்ணாக வந்து நின்றது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வண்டியெல்லாம் நிக்குது சார்."

"நிக்கட்டும்," என்றான்.

இருவரும் நடைபாதையில் ஏறினார்கள். பை இன்னும் பெஞ்சின் தோளில்தான் இருந்தது. சாலையில் யாரும் இல்லை. பச்சை மிச்சம் இருந்தது.